அடித்தண்ணீர்

நைட்ரைட் பார்க்கும் சோதனைக் குழாய் அன்றும் நிறம் மாறவில்லை.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மருந்துச் சொட்டு விழுந்ததும் தண்ணீரில் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஜா நிறத்துக்கு வந்து நிற்க வேண்டும். நிற்க வேண்டிய நாள் வந்து, தாண்டியும் போய்விட்டது. குழாயில் இருந்ததோ இப்போதுதான் வடிகட்டியது போல வெறும் தண்ணீர். மருந்து கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தில் பக்கத்துக் குளத்துத் தண்ணீரில் அதே மருந்தை விட்டுப் பார்த்தாள். அது உடனே சிவந்தது. மருந்தில் குறை இல்லை. பெரிய குளத்துத் தண்ணீரில்தான் ஏதோ நடக்க வேண்டியது நடக்காமல் இருந்தது.

அந்த மீன் பண்ணை அவளுடைய அண்ணனுடையது. வரிசையாகக் குளங்கள், அவற்றுக்கு நடுவே மண்கரைகள், கோடியில் தீவனக் கிடங்கு, அதை ஒட்டித் தண்ணீர் பரிசோதிக்கும் அறை, அதன் முதுகில் ஒட்டவைத்ததுபோல் ஓர் அறையும் அடுப்படியுமாக அவளும் கணவனும் குடியிருந்த வீடு. படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று சொல்லித்தான் அண்ணன் அவளை அந்த வேலையில் வைத்தான். அவள் கணவனுக்கு மோட்டார் வேலை தெரியும் என்பதால் அவனையும் சேர்த்துக்கொண்டான். ஒவ்வொரு குளத்திலும் துடுப்புச் சக்கரங்கள் மிதந்தன. இருட்டியதும் அவற்றை ஓடவிட்டால் விடியும்வரை தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்கும். பகலில் பாசி குளத்துக்கு மூச்சு கொடுக்கும். பொழுது சாய்ந்தால் அதே பாசி மீனோடு போட்டி போட்டுக்கொண்டு மூச்சை உறிஞ்சும். சக்கரம் நின்றுபோன குளத்தில் விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். அப்படி ஒருநாளும் ஆகவிடாமல் பார்த்துக்கொண்டவன் அவள் கணவன். வேலையாட்கள் அவனைச் சக்கரத்தார் என்றார்கள். அவளை டெஸ்ட்டு அக்கா என்றார்கள்.

மழை விட்ட ஒரு மாலையில், பெரிய குளத்தின் நடுச் சக்கரத்தில் கயிறோ வேரோ சிக்கிக்கொண்டது என்று அவன் மிதவையைத் தள்ளிக்கொண்டு போனான். போகும்முன் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போனான். அதை அவள் பார்த்தாள். பிறகு அவள் பாட்டில்களைக் கழுவ உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அடடே, அதற்குள் சரி செய்துவிட்டானே என்று நினைத்துக்கொண்டாள். சாப்பாடு ஆறியது. அவன் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனபோது மிதவை முளையில் கட்டிக் கிடந்தது. கட்டியிருந்த முடிச்சு அவன் போடுகிற முடிச்சு அல்ல.

அண்ணன் ஆட்களை விட்டுக் கழியால் குத்திப் பார்க்கச் சொன்னான். கரையோரமாகப் பேருக்கு வலை இழுத்தார்கள். அடுத்த நாளே பஸ் ஸ்டாண்டில் யாரோ அவனைப் பார்த்ததாக ஒரு பேச்சு வந்தது. அதற்கடுத்த நாள் அந்தப் பேச்சோடு ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். அண்ணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போனவனை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, இந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு நடப்பதுதான் என்றாள். குளத்தை இறைத்துப் பார்க்கலாம் என்று அவள் கேட்டதற்கு, மீன் எடை பிடிக்கிற நேரத்தில் குளத்தை இறைப்பது வளர்த்த பிள்ளையின் கழுத்தை நெரிப்பது போல என்று அண்ணன் சொன்னான். முங்கிய உடம்பு சில நாளில் தானாக மேலே வரும், வரவில்லையே, அப்புறம் என்ன என்றும் கேட்டான். உண்மையிலேயே வரவில்லை.

அப்போதுதான் அவள் குழாய்களிடம் போனாள்.

குளத்தில் எதுவும் காணாமல் போவதில்லை என்பது அவள் தொழிலின் முதல் பாடம். மீனின் எச்சம், தின்னாத தீவனம், உதிர்ந்த இலை, செத்த நத்தை எல்லாம் அடிக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று அவற்றைப் பிரித்துப் போடும். அப்போது தண்ணீரில் அம்மோனியா ஏறும். அதைத் தின்று இன்னொரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும். அதைத் தின்று மூன்றாவது கூட்டம் நைட்ரேட் ஆக்கும். அதைப் பாசி தின்னும், பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும். ஒன்று கையில் வைத்திருப்பதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். கை மட்டும்தான் மாறும். ஒவ்வொரு கை மாறும்போதும் குழாயில் ஒரு நிறம் தெரியும்.

முதலில் அம்மோனியா ஏறியது. தீவனத்தைக் குறைத்திருந்த நாட்கள் அவை. ஏறுவதற்குக் காரணமே இல்லை. குழாயில் மஞ்சள் பச்சையானது, பச்சை கரும்பச்சையானது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடிப்போகவில்லை. இதோ இருக்கிறான். ஊரெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவன் கரைந்துகொண்டிருக்கிறான் என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்தக் கண்றாவியான ஆறுதலை மடியில் வைத்துக்கொண்டுதான் சில நாட்கள் தூங்கினாள்.

ஆனால் படித்த மூளை சும்மா இருக்குமா. அவ்வளவு பெரிய குளத்தில் ஓர் ஆளின் உடம்பு என்பது சாம்பாரில் ஒரு கல் உப்பு மாதிரி. இருப்பதே தெரியக் கூடாது. குழாயில் ஏறியிருந்த பச்சைக்கு ஓர் ஆள் போதாது. ஒரு தெருவே முங்கியிருக்க வேண்டும். கணக்கில் எங்கோ தவறிவிட்டேன் என்று அவள் அந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்தாள். பிறகு ஒரு காலையில் பச்சை சுத்தமாக இறங்கிவிட்டது. இனி சிவப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மோனியாவை யாரோ மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த கைக்குக் கொடுக்கவில்லை. அப்படி வாங்கி வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுக்குத்தான். உடம்பு கட்டுவதற்கு.

வெறும் குழாயை அவள் தாங்கியில் வைத்தாள். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெரிய குளத்தின் மேல் ஒரு கொக்குகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

மறுநாள் அடிச்சேற்றை எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். தீவனக்காரர் மிதவையைத் தள்ளினார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். மருமகனின் குறட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அறுவடை வரைக்கும் இழுப்பார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நடுக்குளத்துக்கு வந்ததும் கழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கழியை அடியில் ஊன்றினால் உள்ளே போக மாட்டேன் என்கிறது, அழுத்தினால் திருப்பித் தள்ளுகிறது என்று மட்டும், குளத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தணிந்த குரலில் சொன்னார்.

அவள் சேறு அள்ளும் வாளியைக் கயிற்றில் இறக்கினாள். அடிச்சேறு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மை போலக் கறுப்பு, கெட்ட முட்டையின் நாற்றம், நாள் முழுக்கக் கையை விட்டுப் போகாது. மேலே வந்த வாளியில் அந்த நாற்றம் இல்லை. சேறும் அதிகமில்லை. வாளி நிறைய, மடித்துவைத்த துணியைப் போல, சாம்பலும் ரோஜா நிறமும் கலந்த ஒரு படலம் இருந்தது. காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையைப் போல மெலிசு. ஆனால் இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. கத்தரிக்கோலால் ஒரு துண்டு நறுக்கினாள். நறுக்கிய இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தேடி வந்து ஒட்டிக்கொண்டன. கையுறைக்கு உள்ளேயும் தெரிந்தது, அது வெதுவெதுப்பாக இருந்தது. அவள் முகர்ந்து பார்த்தாள். தூங்கி எழுந்து இன்னும் பல் விளக்காத ஒரு வாயின் வாடை. ஒரே கட்டிலில் படுத்தவர்களுக்கு மட்டுமே பழகியிருக்கும் வாடை.

தீவனக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கரைக்குத் திரும்பியதும் மிதவையைக் கட்டக்கூட இல்லை; உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

அவள் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். அடித்தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் அவளுக்கு அண்டை வீட்டுக்காரர்கள் மாதிரி. கோலாக இருப்பவை, சுருளாக இருப்பவை, சங்கிலியாகக் கோத்துக்கொண்டு திரிபவை என்று ஒவ்வொன்றும் அதனதன் பாட்டுக்கு அலையும். சந்தைக் கூட்டம் போலத்தான் இருக்கும். இங்கே எல்லாம் வரிசையில் நின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தன. நின்றன. ஒரே நேரத்தில் மறுபக்கம் சாய்ந்தன. நின்றன. அவள் கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சாய்தல். நிற்றல். சாய்தல். யாரோ தாளம் போடுவது போல. அல்லது யாரோ தூங்குவது போல.

மிச்சமிருந்த படலத்தை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தாள். பொழுது சாயும்போது பாட்டில் உள்நோக்கி நசுங்கிக் கிடந்தது. உள்ளே இருந்த காற்றை அது குடித்துவிட்டிருந்தது.

இருட்டுவதற்குள் ஆக்சிஜன் மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் கரையோரப் பலகைக்குப் போனாள். காற்று அசையவில்லை. சக்கரங்கள் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தன. அவை தண்ணீரை அடிக்கும் சத்தத்துக்குக் கீழே, தண்ணீருக்கு மிகவும் உள்ளே, வேறு ஏதோ ஒரு சத்தம் இருப்பதாகத் தோன்றியது. காது கொடுத்தால் இல்லை, காதை எடுத்தால் இருந்தது. மீட்டரின் முனையை அடிவரை இறக்கினாள். அடியில் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் செத்துக் கிடக்க வேண்டும். அது ஏறியது. மெதுவாக ஏறி ஓரிடத்தில் நின்று, மெதுவாக இறங்கியது. கொஞ்சம் தங்கியது. மறுபடி ஏறியது. இறங்கும்போது சற்றே இழுத்து, கடைசியில் ஒரு சின்ன விக்கல் போல எண் துள்ளியது.

அந்த விக்கலை அவள் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாகத் தன் காதுக்குப் பக்கத்தில், அதே தலையணையில்.

மீட்டரை விட்டுவிட்டு அவள் ஓட்டமும் நடையுமாக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை ஏறியது, சிவப்பு வராதது, பாட்டில் நசுங்கியது, எண் மூச்சு விட்டது. சொல்லச் சொல்லத் தன் பேச்சு எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே புரிந்தது. அண்ணி பரிமாறுகிற கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“அண்ணே, அவர் அங்கதான் இருக்காரு. நாளைக்கே இறைச்சுடுங்க. வேற ஒண்ணும் நான் உங்ககிட்ட கேக்கலை.”

அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவன் பொய் சொல்கிறானா என்று அண்ணன் கேட்டான். பார்த்தவன் பெயரைச் சொல்லுங்கள், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள் அவள். அண்ணன் கையைக் கழுவினான். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பிறகு, சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவானே, அதே குரலில் பேசினான்.

“சரி பாப்பா. அங்கதான் இருக்கான்னே வச்சுக்குவோம். எங்க போயிடப் போறான்? மீன் எடை பிடிக்கட்டும். பிடிச்சு முடிச்சதும் நானே இறைச்சுத் தரேன். எலும்பு எங்கயும் போகாது.”

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

“அன்னிக்கு சுவிட்சைப் போட்டது யாரு?”

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை, பயம் இல்லை. கணக்குத் தவறிய ஒரு சின்ன சலிப்பு மட்டும்.

“போய்த் தூங்கு பாப்பா.”

அவள் தூங்கப் போகவில்லை. கரைக்குப் போனாள். மின்பெட்டி பெரிய குளத்தின் தலைமாட்டில் ஒரு தகரக் கூரையின் கீழ் இருந்தது. கதவைத் திறந்து சக்கரங்களுக்கான பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்கரம் தள்ளாடி, தண்ணீரைச் சோம்பலாக அடித்து, நின்றது. ஜெனரேட்டரின் பேட்டரி வயரையும் கழற்றினாள். எல்லாவற்றையும் புடவை முந்தானையைக் கிழித்து அதில் கட்டித் தண்ணீரில் எறிந்தாள். முந்தானை கிழிந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மூச்சு இல்லையென்றால் குளத்தில் இருப்பதெல்லாம் மேலே வந்துதான் தீர வேண்டும். மீன் சாகும், அத்தனையும் சாகும் என்று அவளுக்குத் தெரியும். வளர்த்த பிள்ளையின் கழுத்து. அவள் பலகையில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். அவன் மட்டும் மேலே வந்தால் போதும். எந்த மாதிரியாக வந்தாலும் சரி என்று, யாரும் ஒருபோதும் நினைக்கக் கூடாத ஒன்றையும் நினைத்தாள்.

சக்கரச் சத்தம் இல்லாத குளத்தை அவள் கேட்டதே இல்லை. முதலில் காதடைத்தது போல இருந்தது. பிறகு சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. கரையில் ஈர மண் சரிவது. எங்கோ ஒரு குமிழி உடைவது. வானம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை; நடுவில் கண் சொக்கியிருக்க வேண்டும். விழித்தபோது தண்ணீர் முழுக்க வாய்கள்.

மீன்கள் மேலே வந்துவிட்டிருந்தன. கரையிலிருந்து கரை வரை, தோளோடு தோள் உரசிக்கொண்டு, வட்ட வட்டமான வாய்கள். மூச்சுக்குத் தவிக்கும் மீன்கள் அதனதன் அவசரத்துக்கு வாயைத் திறக்கும். மழை பெய்வது போல ஒரு சடசடப்பு கேட்கும். இங்கே சடசடப்பு இல்லை. எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. எல்லாம் ஒன்றாக மூடின. குளம் முழுக்க ஒரே ஒரு சத்தம். அதன் பின் ஓர் இடைவெளி. மறுபடி ஒரே சத்தம்.

பிறகு அவை சரியத் தொடங்கின. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெள்ளை வயிறுகள் திரும்பின. சத்தம் தேய்ந்தது. நின்றது.

நடுக்குளம் மேலே எழும்பியது.

முதலில் செத்த மீன்கள் இரண்டு பக்கமும் சரிந்து வழிவிட்டன. அடியில் கிடந்த படலம் அப்படியே ஒரே விரிப்பாக, சாம்பலும் ரோஜாவுமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. குளம் முழுவதுக்கும் ஒரே போர்வை. போர்வைக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தால் தெரியுமே, தலை ஓரிடம், முழங்கால் ஓரிடம், அப்படி ஓர் உருவம் தெரிந்தது. அது உட்கார்ந்தது. இடக் கையை முதலில் ஊன்றி, ஒரு கணம் தங்கி, அப்புறம் முதுகை நிமிர்த்தியது. காலையில் கட்டிலிலிருந்து அவன் அப்படித்தான் எழுவான்.

அவனைக் கூப்பிட அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. இடக் கை. தங்கல். முதுகு. அதற்கும் அப்பால் இன்னொன்று. கரையோரத்தில் ஒன்று. மூலையில் ஒன்று. குளம் முழுக்க. ஒரே போர்வைக்குள் ஒரு தெருவே படுத்திருந்து, ஒரே நேரத்தில் எழுவது போல. எல்லாம் அவன். எதுவும் அவன் இல்லை.

கரையில் காலடிச் சத்தம். அண்ணன் ஓடி வந்தான். லுங்கியைப் பிடித்துக்கொண்டு, பருத்த உடம்பு குலுங்க, யாரடா சக்கரத்தை நிறுத்தியது என்று கேட்டுக்கொண்டே வந்தவன், வெள்ளை வயிறுகளைப் பார்த்து நின்றான். வேறு எதையும் அவன் இன்னும் பார்க்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். மூச்சு வாங்கினான். புஸ். புஸ். அந்த அமைதியில் துருத்தி ஊதுவது போலக் கேட்டது.

போர்வைக்குள் தலைகள் திரும்பின.

எல்லாத் தலைகளும். அண்ணன் பக்கம்.

இரவெல்லாம் குளத்தைப் பட்டினி போட்டவள் அவள். இப்போது அந்த இடத்தில் மூச்சு என்று ஒன்று இருந்தால் அது கரையில்தான் இருந்தது. அவளுக்குப் புரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். மூச்சை அடக்குங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணனுக்கும் புரிந்திருக்கும். சொல்ல வேண்டுமானால் மூச்சை விட வேண்டும்.

அவள் விடவில்லை.

படலத்தின் விளிம்பு கரையில் ஏறியது. சத்தமே இல்லை. புல்லை நனைத்துக்கொண்டு, செருப்பின் மேல், கணுக்காலின் மேல். அண்ணன் குனிந்து பார்த்தான். கொசுவைத் தட்டுவது போல ஒரு தட்டுத் தட்டினான். கை ஒட்டிக்கொண்டது. அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பாப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்த வாய்க்குள் அது போனது.

கொஞ்ச நேரம் அவன் நின்றுகொண்டேதான் இருந்தான். தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. முதலில் அவசரமாக. அப்புறம் நிதானமாக. குளத்தின் வேகத்துக்கு வந்து சேர்ந்ததும், கட்டிலிலிருந்து விரிப்பை உருவுவது போல அவனை உள்ளே இழுத்துக்கொண்டது.

தண்ணீர் மூடியது.

தலைகள் இப்போது எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. மெதுவாக இங்கும் அங்கும் அசைந்தன. தேடின. விடியற்காலை வெளிச்சத்தில் அவள் காலுக்கு அருகே இருந்ததன் முகத்தில் படலம் மெலிசாக இருந்தது. உள்ளே உதடுகள். அவனுடைய உதடுகள். அவள் அசையவில்லை. காதுக்குள் ரத்தம் அடித்தது. நெஞ்சு எரிந்தது. கண்ணின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வெயில் வந்தால் பாசி மூச்சு கொடுக்கும். வெயில் எங்கே. இன்னும்.

மூக்கு நுனியிலிருந்து, அவளுக்குத் தெரியாமலே, ஓர் இழை காற்று கசிந்தது.

அசைவு நின்றது.

பிறகு ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது. கடைசியாகத் திரும்பியது பருத்த தோள் உள்ள ஒன்று. அதற்கு இன்னும் பழகவில்லை.